சரிவான பின்வளவில் மாரி நீரைத் தேக்கித் தோட்டம் அமைத்தல்

மட்டக்களப்பு என்றதும் வாவியும் தென்னந்தோப்பும் தட்டையான மணற்காணியுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கரடியனாறு, உன்னிச்சை, தாந்தாமலை, வெல்லாவெளி ஆகிய பக்கங்களிலும், தெற்கே அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி, பொத்துவில் பக்கங்களிலும் கற்பாறைகளின் அடிவாரத்திலிருந்து குளத்தையோ வயல்வட்டையையோ நோக்கி மெல்லச் சரியும் காணிகள் பல உண்டு. அத்தகைய காணிகளில் வீட்டை மேட்டில் கட்டுவார்கள். பின்வளவு பள்ளத்தை நோக்கி இறங்கும். மாரியில் அந்த வளவின் வழியே கலங்கல் நீர் பாய்ந்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். ஆடி, ஆவணியில் அதே வளவின் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கி, குடிநீருக்கே பவுசரை எதிர்பார்த்திருக்கும் நிலை வரும்.

நம் பகுதிக்கு மழை குறைவில்லை. மட்டக்களப்பில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். 20 பேர்ச்சஸ் வளவு ஏறத்தாழ 500 சதுர மீற்றர் ஆகையால், 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஒரு நாளில் அவ்வளவில் 50,000 லீற்றர் நீர் விழுகிறது. இலைதழை, வைக்கோல் போன்ற மூடாக்கு இல்லாத சரிவு அதில் பெரும்பங்கைச் சில மணித்தியாலங்களிலேயே கீழே இறக்கிவிடும். ஆகவே சிக்கனமாக நீர் ஊற்றுவதைப் பற்றி யோசிக்குமுன், மாரி நீரை மண்ணுக்குள் இறக்கிவைத்துக் கோடையில் வேர்களுக்கு எட்டச் செய்வதைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

இதற்கான அறிவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. வயலில் நாலு விரற்கடை நீரை நிறுத்த வரம்பு கட்டி, மிகுந்ததை வக்கடை திறந்து அடுத்த வயலுக்கு இறக்கிவிடும் திறமை நம் விவசாயிகளின் கையிலேயே இருக்கிறது. அதே விவசாயியின் வீட்டுப் பின்வளவில் ஒரு வரம்புகூட இல்லாமல் மண் அரித்துக் கிடப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது. கீழே சொல்லப்படுவதெல்லாம் வயலின் அந்த ஒழுங்கைச் சற்று மாற்றி வளவுக்குக் கொண்டுவரும் முறைதான்.

முதலில் நீரின் வழியைப் பாருங்கள்

வேலையின் தொடக்கம் மண்வெட்டி அன்று. ஒரு குடையும் ஒரு கட்டுத் தடியும் போதும். மார்கழி மாதத்தின் கனத்த மழையொன்றில் வளவுக்குள் இறங்கி நடந்து, வெளியிலிருந்து நீர் எங்கே நுழைகிறது, கூரையிலிருந்து விழும் நீர் எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே விரைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலையால் வெளியேறுகிறது என்பவற்றைக் கவனித்து, அந்தந்த இடத்தில் ஒவ்வொரு தடியை ஊன்றிவிடுங்கள். பாறையின் அடிவாரத்து வளவாயின் மேல் எல்லையையே மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். பாறை நீரை உறிஞ்சாது. அதன்மேல் பெய்யும் மழை அப்படியே உங்கள் வேலியைக் கடந்து உள்ளே வரும். அப்படியான இடத்தில் மேல் வேலியோரமாக மிகச் சிறிய சாய்வுடன், அதாவது 100 அடி தூரத்துக்கு அரை அடி இறக்கத்துடன், ஒரு தடுப்பு வாய்க்கால் வெட்டி, நீர் முன்பே ஓடிக்கொண்டிருந்த இயற்கையான ஓடையிலே அதைச் சேர்த்துவிட வேண்டும். வளவுக்குள் விழும் மழையை மட்டுமே நாம் தேக்குகிறோம். மலையின் மழையை முழுவதும் தேக்க முயன்றால் வரம்புகள் உடையும்.

அடுத்தது சரிவின் அளவு. 10 அடி நீளமான நேரிய பலகை ஒன்றின் ஒரு முனையை மேட்டில் வைத்து, மறுமுனையைத் தூக்கி, மேசன்மார் பயன்படுத்தும் மட்டத்தால் சமன் பார்த்து, தூக்கிய முனைக்கும் நிலத்துக்கும் உள்ள உயரத்தை அளந்தால் போதும். அந்த உயரம் ஓர் அடியாக இருந்தால் சரிவு நூற்றுக்குப் பத்து. 2 அடி வரையான இறக்கத்தில் வரம்பும், நீரைத் தேக்கி ஊறவிடும் அகழியும் அமைக்கலாம். அதற்கு மேல் 3 அடி வரை கல் அடுக்கிய படிகள் தேவை. அதையும் தாண்டிய சரிவை வெட்டவே கூடாது. அங்கு இருக்கும் மரஞ்செடிகளைப் பேணி, வேர் பிடிக்கும் புற்களைச் சேர்த்து நட்டு, நிலத்தை மூடிவைப்பதே பாதுகாப்பானது.

மண்ணையும் சோதிக்க வேண்டும். ஓர் அடி ஆழமான குழியில் நீர் நிரப்பி வற்றவிட்டு, மறுபடியும் நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அகழி நன்றாக வேலை செய்யும். அதைவிடக் குறைவாக இறங்கும் களிப்பாங்கான மண்ணில் அகழியை ஆழமாக வெட்டுவதில் பயனில்லை; ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும்.

சமவுயரக் கோடும் அகழியும்

சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் செல்லும் கோட்டைக் கண்ணால் மதிப்பிட முடியாது. மிகவும் பழகிய கண்ணும் இங்கு ஏமாறும். இரண்டு 7 அடிக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவே ஒரு குறுக்குக் கம்பைப் பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலொன்றைத் தொங்கவிட்டால் மட்டம் பார்க்கும் சட்டம் ஆயத்தம். அதை ஓரிடத்தில் நிறுத்தி நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். பின்னர் கால்களை இடம் மாற்றி அதே புள்ளிகளில் நிறுத்தி மறுபடியும் குறியுங்கள். இரு குறிகளுக்கும் நடுவே இடும் கோடுதான் சமனின் அடையாளம். ஒரு காலை ஊன்றி மறுகாலை முன்னே நகர்த்தி, நூல் நடுக்கோட்டில் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் முளையடித்துக்கொண்டு போனால், வளவுக்குக் குறுக்கே சமவுயரக் கோடு வளைந்து வளைந்து தெரியும். அந்த வளைவை நேராக்க வேண்டும் என்ற ஆசை எவருக்கும் வரும், அதற்கு இடங்கொடுக்காதீர்கள். நேராக்கிய இடம் தாழ்ந்த இடமாகி, முதல் மழையிலேயே வரம்பு அங்குதான் உடையும்.

உயரத்தில் 3 அடி இறங்குந்தோறும் ஒரு கோடு என்று கணக்கிட்டால், நூற்றுக்குப் பத்துச் சரிவில் 30 அடிக்கு ஒரு கோடு வரும். சாதாரண வீட்டு வளவுக்கு இரண்டு அல்லது மூன்று போதும். கோட்டின் வழியே 2 அடி அகலமும் ஓர் அடி ஆழமுமாக அகழி வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கத்தில் வரம்பாக இட்டு மிதித்து இறுக்க வேண்டும். அகழியின் அடித்தளம் முழு நீளத்துக்கும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும்; அப்போதுதான் நீர் ஒரு மூலைக்கு ஓடாமல் நெடுகப் பரவி நின்று ஊறும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 அடி நீளமான அத்தகைய அகழி 80 கன அடி, அதாவது ஏறத்தாழ 2,260 லீற்றர் நீரைக் கொள்ளும். அதற்கு மேலே 30 அடி அகலமான நிலத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 5,500 லீற்றர் நீர் விழும். அதில் பாதி வழிந்தோடி வந்தாலே அகழி நிரம்பி வழியும். நம் மாரியில் 50 மில்லிமீற்றர் பெரிய மழையும் இல்லை. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அகழி நிரம்புமா என்று கேட்க வேண்டாம். நிரம்பும்போது எவ்வழியால் வழிய வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி முடிவுசெய்து வைக்க வேண்டும்.

அந்த முடிவுதான் வக்கடை. வயல் வக்கடையை மண்வெட்டியால் திறக்கவும் மூடவும் விவசாயி பக்கத்தில் நிற்கிறார். வளவு வக்கடைக்கு நள்ளிரவு மழையில் காவல் நிற்க ஆளில்லை. எனவே அது குளத்தில் மிகுந்த நீர் வழியும் வான் போல எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். வரம்பின் ஒரு முனையில் 2 அல்லது 3 அடி அகலத்துக்கு, வரம்பின் உச்சியைவிட அரை அடி தாழ்வாக வெட்டி, அடியிலும் இரு ஓரங்களிலும் கருங்கல் பதித்து, நீர் விழும் இடத்திலும் கற்களைப் பரப்பிவிட வேண்டும். முதல் வரம்பின் வக்கடை இடப்பக்கமாயின், இரண்டாவதற்கு வலப்பக்கம், மூன்றாவதற்கு மறுபடியும் இடப்பக்கம் என மாற்றி அமைத்தால், மேலே வழிந்த நீர் கீழ் அகழியின் முழு நீளத்தையும் கடந்த பின்னரே அடுத்த படிக்கு இறங்கும். கடைசி வக்கடை, வளவின் நீர் முன்பு எங்கே வெளியேறியதோ அங்கேதான் திறக்க வேண்டும். பக்கத்து வளவுக்குள் புதிதாக ஒரு நீர்வழியைத் திருப்பிவிடுவது அயலாருக்குச் செய்யும் அநீதி. எல்லைத் தகராறாகவும் அது முடியும்.

புதிய வரம்பு முதல் மழைகளில் சற்று அமுங்கும். வேண்டிய உயரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கட்டி, முதல் மழைக்குப் பின்னர் மட்டச் சட்டத்தை மீண்டும் கொண்டுபோய்ச் சரிபார்த்து, தாழ்ந்த இடத்தில் மண் இட வேண்டும்.

சில இடங்களைத் தவிர்க்க வேண்டும். வீட்டின் அத்திவாரத்திலிருந்து 10 அடிக்குள் அகழி வெட்டக் கூடாது. மலசலகூடக் குழிக்கு மேற்புறமாக வெட்டினால் ஊறிய நீர் குழிக்குள் புகுந்து, அதன் கழிவைக் கிணற்றின் பக்கம் தள்ளக்கூடும். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்ற வழக்கமான விதியைச் சரிவான வளவில் இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுவதே நல்லது. அகழி நீர் இரண்டு நாட்களுக்குள் ஊறிவிட வேண்டும்; ஒரு வாரம் தேங்கினால் நுளம்பு பெருகும், டெங்கு அபாயமும் வரும். அவ்வாறு தேங்கும் இடத்தை மண்ணிட்டு உயர்த்திவிடுங்கள்.

சரிவு கூடிய இடத்தில் கல்லடுக்குப் படிகள் அமைக்கும்போது, ஒவ்வொரு சுவரும் 2 அடி உயரத்துக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. முதல் வரிசைக் கற்கள் நிலத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். சுவர் ஓர் அடி உயரத்துக்கு 2 அங்குலம் மேட்டுப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் சிறு கற்களை நிரப்ப வேண்டும். சீமெந்து பூசாதிருப்பதே சிறப்பு, ஏனெனில் மாரியில் மண் ஊறி நீர் அழுத்தும்போது கற்களின் இடைவெளியால் அது வடிந்துவிடும். அதைவிட உயரமான சுவர் வேண்டுமானால் அனுபவமுள்ள மேசனின் பொறுப்பில் விடுங்கள்.

பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து வளவு முழுவதையும் ஒரே மட்டமாக்கி, கிரவல் நிரப்பிவிடும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. அது ஒரு நாளில் முடியும் வேலை என்பது உண்மை. ஆனால் ஆண்டாண்டாக உருவான மேல்மண் அடியில் புதைந்து, உயிரற்ற அடிமண் மேலே வந்துவிடும். அதில் மரம் தலையெடுக்கப் பல ஆண்டுகள் செல்லும். மூன்று அகழிகளை இரண்டு பேர் மண்வெட்டியாலும் அலவாங்காலும் சில நாட்களில் வெட்டி முடிக்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, மார்கழியிலும் தையிலும் நீர்வழியைப் பார்த்து, ஆனி ஆடியில் கோடுகளைக் குறித்து, ஓகஸ்ட் செப்டெம்பரில் வெட்டி முடித்து, ஒக்டோபரின் முதல் மழையோடு நடுவதே ஒழுங்கு. நவம்பரின் கனமழை வருமுன் புதிய வரம்பு வெறுமையாகக் கிடக்கக் கூடாது. கௌபியோ பயறோ விதைத்துவிட்டால் சில வாரங்களில் அது வரம்பை மூடும். தைக்குள் கறிக்கும் உதவும்.

நடுகை: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

வரம்பைத் தாங்கும் முதற்பயிர் வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழிறங்கி, நல்ல மண்ணில் 2 மீற்றருக்கும் கீழே செல்லும். தூர்களைப் பிரித்து, வரம்பின் மேல் அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நட்டால், இரண்டு மாரிக்குள் நீரை வடிகட்டி மண்ணைப் பிடிக்கும் உயிர்வேலியாகிவிடும். ஓரடி ஒன்றரையடி உயரத்தில் அவ்வப்போது வெட்டி, வெட்டிய புல்லைச் செடிகளின் அடியில் பரப்ப வேண்டும்.

மரங்களை அகழியின் குழிக்குள் நடக்கூடாது. மாரியில் வேர் அழுகும். வரம்பின் பள்ளப் பக்க அடியில், அகழி நீர் ஊறிவரும் இடமே அவற்றுக்கு உகந்தது. எந்த மரம் எங்கே என்பதில் ஒரே விதிதான்: தாகம் பொறுப்பது மேலே, தாகம் மிகுந்தது கீழே. மேல் வரிசைக்கு மரமுந்திரிகை, விளா, வேம்பு, புளி ஆகியவை ஏற்றவை. எனினும் வேம்பையும் புளியையும் வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளியே நட வேண்டும். நடு வரிசையில் மா, மாதுளை, அன்னமுன்னா, தேசி, கொய்யா, முருங்கை, கறிவேப்பிலை வளரும். கீழ் அகழியின் ஈரத்தில்தான் தென்னையும் வாழையும் வர வேண்டும். கமுகை இந்தக் கீழ்ப்பகுதியிலும் நீர் உறுதியாக உள்ள இடத்தில் மட்டுமே நடுங்கள். மேட்டில் நட்ட கமுகைக் கோடையில் காப்பாற்றச் செலவாகும் நீரில் ஒரு காய்கறிப் பாத்தியே நடத்தலாம்.

அழகுக்கென்று புல்வெளி வளர்ப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நம் கோடையில் பச்சையாக வைத்திருக்க அது கேட்கும் நீர் மிக அதிகம். பட்டிப்பூ, கற்றாழை, அலரி, நொச்சி, ஆடாதோடை, செவ்வரத்தை ஆகியவை வேர் பிடித்த பின்னர் சிறிது நீரோடு நிற்கும். பூவுக்கும் மருந்துக்கும் உதவும். ஆடு மாடு உள்ள வீட்டில் அலரியை எட்டாத இடத்தில் வையுங்கள். அது நச்சுச் செடி. மேற்கு, தென்மேற்கு எல்லைகளில் சீமைக்கிளுவையை நெருக்கமாக ஊன்றினால், கச்சான் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் செல்வதைத் தணிக்கும். அதன் தழை சிறந்த பசளையும் ஆகும். நாயுண்ணிச் செடியும் இபில் இபில் மரமும் எளிதில் வளர்கின்றன என்பதற்காக உள்ளே விடாதீர்கள். பின்னர் அவற்றை அகற்றுவது கடினம்.

யானை வரும் எல்லைக் கிராமங்களில் வாழையும் தென்னையும் அவற்றை வீட்டுக்கே அழைத்துவரும். அங்கெல்லாம் கீழ் வரிசையிலும் தேசி, தோடை போன்றவற்றை நடுவதே உயிருக்குப் பாதுகாப்பு. யானை அவற்றைப் பெரிதாக நாடுவதில்லை. கட்டாக்காலி மாடுகளுக்காக முதல் இரண்டு ஆண்டுகளும் வேலி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரே இரவில் அவை புது வரம்பை மிதித்துத் தரைமட்டமாக்கிவிடும்.

கோடைக்கு முன்

மழை ஓயும் மாசி, பங்குனியில்தான் பெரும்போக அறுவடையும் முடிகிறது. வயலில் குவியும் வைக்கோலைப் பலரும் எரித்துவிடுகிறார்கள். அதை அப்படியே வளவுக்கு ஏற்றிவந்து மண்ணின் மேல் நாலு அங்குலம் தடிப்பாகப் பரப்பினால், மாரியில் ஊறிய ஈரம் நெடுநாள் நிற்கும். மரத்தின் அடியிலிருந்து ஒரு சாண் விட்டும், வீட்டுச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளியும் பரப்புங்கள். இல்லாவிடில் கறையான் ஏறும். தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, உரிமட்டைகளை உட்குழிவு மேலே பார்க்க அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண்ணிட்டு மூடினால் அவை நீரை உறிஞ்சிவைத்து வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கும். தென்னைச் செய்கையாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது.

சரிவான வளவின் பெரிய வசதி, மேட்டில் இருக்கும் நீர் மோட்டார் இல்லாமலே கீழே வரும் என்பதாகும். கூரைக்குப் பீலி பூட்டி, முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, 5,000 லீற்றர் தாங்கியொன்றை வீட்டின் பக்கத்து மேட்டில் நிரப்பிவைத்தால், நடு வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சொட்டுநீர்க் குழாயை அதிலிருந்தே இறக்கலாம். தாங்கியின் வாயையும் பீலியின் முனையையும் வலையால் மூட மறக்கக் கூடாது. கிணற்றடியில் குளிக்கும் நீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடலாம். சவர்க்காரம் கலந்த அந்நீரைக் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம். காய்கறிப் பாத்திக்கு, மெருகிடாத மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவைப்பது நல்ல வழி. சுவர் வழியே கசியும் ஈரத்தைச் சுற்றியுள்ள கத்தரியும் மிளகாயும் தாமே எடுத்துக்கொள்ளும். இளம் மரங்களுக்கு முதல் இரண்டு கோடைகளும் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விடுங்கள். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும்.

வாவியோரமும் கடலோரமும் உள்ள மணற்சரிவுகளுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. மணலில் நீர் உடனே இறங்கிவிடும். அகழியின் கரைகளும் நில்லா. அங்கு அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வெட்டாமல் விட்டு, மரக்குழிகளில் எருவும் தும்புத்தூளும் தாராளமாகக் கலந்து நட்டாலே போதும். வாவி விளிம்பில் நிற்கும் கண்டல் மரங்களைத் தொடவே கூடாது. ஒதுக்குக் காணியில் எதையும் செய்யுமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் அகழிகளில் படிந்த வண்டலை அள்ளி, அது எந்த வரிசையிலிருந்து அரித்து வந்ததோ அந்த வரிசையின் மரங்களுக்கே இட வேண்டும். வக்கடைக் கற்களில் ஆடும் கல்லை மாற்றி, வெட்டிவேர் வரிசையில் பட்டுப்போன இடத்தில் புதுத் தூர் நட்டு, எலி வளை தோண்டிய வரம்பை இடித்து இறுக்கிவிடுங்கள். வளை விழுந்த வரம்பை அப்படியே விட்டால் அடுத்த மாரியில் நீர் வக்கடையை விட்டு அந்த வளையால் புகுந்து வரம்பை அறுத்துவிடும்.